கடைசி அணிக்கு முதல் உரிமை: அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட் ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் ஏப்ரல் மாதக் கடைசியில், ஒரு பந்துகூட வீசப்படாத கால்பந்து நிகழ்ச்சி ஒன்றைக் காண இலட்சக்கணக்கான ரசிகர்கள் ஒரே ஊரில் கூடுகிறார்கள். மேடைக்கு ஒருவர் வருகிறார். கையிலுள்ள சீட்டைப் பார்த்து ஒரு கல்லூரி வீரரின் பெயரை வாசிக்கிறார். கூட்டத்தில் ஒரு பகுதி ஆர்ப்பரிக்கிறது, இன்னொரு பகுதி கூச்சலிட்டு எதிர்க்கிறது. சில நிமிடங்கள் கழித்து அடுத்த பெயர் வருகிறது. 2024 ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் மூன்று நாள்களில் இதைக் காண வந்தவர்கள் 7,75,000 பேருக்கு மேல் என்று லீக் அறிவித்தது. என்.எஃப்.எல். டிராஃப்ட் எனப்படும் இந்த நிகழ்ச்சியை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அதன் விதிகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட, அங்கே நடந்த விசித்திரமான சம்பவங்களைச் சொல்லி அவை ஏன் நடந்தன என்று விளக்குவதே நல்லது என்று, பல ஆண்டுகளாக இதைப் பின்தொடரும் ரசிகன் என்ற முறையில் நான் நினைக்கிறேன். ஏனெனில் அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதியின் விளிம்பில் நடந்தவை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். இங்கே பேசப்படுவது தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, முட்டை வடிவப் பந்தை எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் 32 அணிகள் உள்ளன. இந்த அணிகளுக்குப் புதிய வீரர்கள் பெரும்பாலும் கல்லூரி அணிகளிலிருந்தே வருகிறார்கள். பள்ளிப் படிப்பு முடிந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆன வீரர்தான் டிராஃப்டில் இடம்பெற முடியும். நமக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்கு வீரர் கிடைக்கிறார். டிராஃப்டில் விலை கேட்பதே கிடையாது, முறைதான் உண்டு. தன் முறை வரும்போது ஓர் அணி ஒரு வீரரின் பெயரைச் சொல்லிவிட்டால், அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே சொந்தமாகிவிடுகிறது. இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். வியாழன் இரவு முதல் சுற்று, வெள்ளியன்று இரண்டாவதும் மூன்றாவதும், சனிக்கிழமை மீதி நான்கும். 2025 இல் மொத்தம் 257 பேர் தேர்வானார்கள்.

யாருடைய முறை முதலில் வரும் என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்ற அணிக்கு அந்தச் சுற்றின் 32 ஆவது தேர்வு. பிளேஆஃப் கட்டத்துக்குத் தகுதி பெறாத 18 அணிகள் வெற்றி விகிதத்தின் தலைகீழ் வரிசையில் முன்னால் நிற்கும். தகுதி பெற்ற 14 அணிகளும் எந்தக் கட்டத்தில் வெளியேறினவோ அதற்கேற்பப் பின்னால் வரும். இரண்டு அணிகள் ஒரே எண்ணிக்கையில் தோற்றிருந்தால், எளிதான எதிரணிகளோடு ஆடிய அணிக்கே முன்னுரிமை, ஏனென்றால் எளியவர்களிடம் தோற்ற அணிதான் கூடுதல் பலவீனமானது என்று லீக் கருதுகிறது. தோற்பவருக்குக் கைகொடுக்கும் இப்படியொரு விதியைத் தொழில்முறை விளையாட்டில் பணம் படைத்த முதலாளிகளே கூடி ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அவர்களை ஏற்கச் செய்தவர் பெர்ட் பெல். 1930களில் அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். அந்த அணியோ அட்டவணையின் அடியில் கிடந்தது. கல்லூரி வீரர்கள் யாருடன் வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற நிலையில், நல்ல வீரர்கள் அனைவரும் பணமும் பெயரும் உள்ள ஓரிரு அணிகளையே நாடினார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற வீரரைப் பெறும் போட்டியில் பெல் தோற்றார். அவரைப் புரூக்ளின் அணி 5,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 1935 மே மாதம் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில் பெல் எழுந்து, பலவீனமான அணிக்கு முதல் வாய்ப்பு என்ற யோசனையை முன்வைத்தார். சங்கிலியின் பலம் அதன் மிகவும் பலவீனமான கண்ணியின் பலமே என்பது அவர் வாதம். இந்த ஏற்பாட்டால் நேரடியாக நட்டமடையக்கூடிய சிகாகோ, நியூயார்க் அணிகளின் உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், 81 வீரர்கள். மைதானத்துக்குப் போய் வீரர்களை அளந்து பார்க்கும் ஆள்கள் அன்று அணிகளிடம் கிடையாது. சுவரிலிருந்த கரும்பலகையில் எழுதப்பட்ட பெயர்களிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள்.

டிராஃப்டின் முதல் விசித்திரச் செய்தியும் அன்றே பிறந்தது. வரலாற்றிலேயே முதலாவதாகத் தேர்வு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வீரர், சிறந்த கல்லூரி வீரருக்கான, பின்னாளில் ஹைஸ்மன் எனப் பெயர் பெற்ற விருதை முதன்முதலில் வென்றவர், ஒரே ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. ஈகிள்ஸ் தன் உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த அணியின் ஜார்ஜ் ஹாலஸும் பெர்வாங்கரும் சம்பளத்தில் உடன்படவில்லை. பெர்வாங்கர் நுரை ரப்பர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அணி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கும் அவர் வந்து ஆடுகிறார் என்பதற்கும் இடைவெளி உண்டு என்று டிராஃப்ட் தன் முதல் நாளிலேயே காட்டிவிட்டது. பெல் பின்னர் லீக்கின் ஆணையராகி, 1959 இல் ஈகிள்ஸ் அணியும் ஸ்டீலர்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் இறந்தார். அவர் வெவ்வேறு காலங்களில் இரண்டு அணிகளிலும் பங்கு வைத்திருந்தவர்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். ஒவ்வொரு தேர்வுக்கும் கால வரம்பு உண்டு. முதல் சுற்றில் முன்பு 15 நிமிடங்கள் கொடுத்தார்கள். 2007 இல் முதல் சுற்று மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டதால், மறு ஆண்டு அது 10 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டது. நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்று பலரும் கேட்பதுண்டு. அணி தன் உரிமையை இழப்பதில்லை. எந்த நேரத்திலும் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் அது தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம்.

2003 இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு நேர்ந்தது இதுதான். அந்த அணி ஏழாவது தேர்வை வைத்திருந்தது. பத்தாவது இடத்திலிருந்த பால்டிமோர் ரேவன்ஸ், பைரன் லெஃப்ட்விச் என்ற குவார்ட்டர்பேக்கை விரும்பியது. குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர், அணியின் மிக முக்கியமான ஆள். இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இரு அணிகளும் பேசின. ஆனால் இத்தகைய பரிமாற்றத்தை இரு அணிகளும் லீக் அதிகாரிகளிடம் தெரிவித்து உறுதிசெய்தால்தான் அது செல்லும்; பால்டிமோரின் உறுதி போய்ச் சேர்வதற்குள் 15 நிமிடங்கள் கரைந்துவிட்டன. எட்டாவது இடத்திலிருந்த ஜாக்சன்வில் அணியின் சீட்டு உடனே அதிகாரிகளின் மேசைக்குப் போயிற்று. அதில் இருந்த பெயர் லெஃப்ட்விச். ஒன்பதாவது இடத்திலிருந்த கரோலினாவும் விடவில்லை. ஜோர்டன் கிராஸ் பெயரைக் கொடுத்தது. இரண்டு அணிகள் தாண்டிப் போன பிறகே வைக்கிங்ஸ் தன் சீட்டைக் கொடுத்து, கெவின் வில்லியம்ஸ் என்ற தற்காப்பு வீரரைப் பெற்றது. அன்று நாடே அந்த அணியைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் வில்லியம்ஸ் பின்னாளில் ஐந்து முறை லீக்கின் மிகச் சிறந்த பதினொருவர் பட்டியலில் இடம்பிடித்தார். விரும்பியவரை இழந்த பால்டிமோர் பத்தாவது இடத்தில் எடுத்த டெரல் சக்ஸ், அந்த அணியின் வரலாற்றிலேயே அதிக முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவரானார். தடுமாறிய இரண்டு அணிகளும் இப்படி நல்ல வீரர்களைப் பெற்றதை எண்ணும்போதெல்லாம், முன்கூட்டிக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கு மீண்டும் உறைக்கிறது.

அந்தச் சம்பவத்தில் வந்த பரிமாற்றம் என்ற சொல்லையும் சற்று விளக்க வேண்டும். தேர்வு முறைகள் அணிகளின் சொத்து. அவற்றை வீரர்களுக்கோ வேறு முறைகளுக்கோ, அடுத்த ஆண்டின் முறைகளுக்கோகூட மாற்றிக்கொள்ளலாம். 1999 இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் மீதிருந்த ஆசையில், அந்த ஆண்டில் தன் அணிக்கிருந்த தேர்வுகள் அனைத்தையும், மறு ஆண்டின் முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் சேர்த்து வாஷிங்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார். இருவரும் மணமக்களாக, வில்லியம்ஸ் வெள்ளைத் திருமண உடையில் நிற்க, ஒரு விளையாட்டு இதழின் அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் அணி 16 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது. டிட்காவின் வேலை போயிற்று. இதற்கு நேர்மாறானது டாலஸ் கவ்பாய்ஸ் செய்த காரியம். 1989 இல் அந்த அணி தன் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பல வீரர்களையும் தேர்வு முறைகளையும் வாங்கிக் குவித்தது. அந்தப் பருவத்தில் 15 தோல்வி, ஒரே வெற்றி. ஆனால் வாங்கிய முறைகளைக் கொண்டு கட்டிய அணி, 1992 முதல் 1995 வரையிலான நான்கு பருவங்களில் மூன்று சூப்பர் போல்களை வென்றது. ஒவ்வொரு தேர்வு முறையும் எவ்வளவு பெறும் என்பதற்கு மதிப்பெண் அட்டவணை ஒன்றை உருவாக்கி, பேரத்தைக் கணக்காக மாற்றியதும் அந்த அணிதான். அதில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளிகள், 32 ஆவது தேர்வுக்கு 590. ஓர் அணி ஒரே வீரருக்காக எல்லாவற்றையும் கொடுக்கும் செய்தியைப் படிக்கும்போது, மறுபக்கத்தில் வாங்கிக்கொண்ட அணியை மூன்று ஆண்டுகள் கவனிக்குமாறு புதிய ரசிகர்களுக்கு நான் சொல்வேன்.

இதில் வீரரின் விருப்பத்துக்கு இடம் எங்கே? நேர்மையாகச் சொன்னால், மிகக் குறைவு. படித்து முடித்த இளைஞர் எந்த ஊரில், எந்த முதலாளியிடம் வேலை செய்வது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். மறுத்தவர்கள் சிலர் உண்டு. 1983 இல் ஜான் எல்வே பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு ஆட மறுத்து, பேஸ்பாலுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி டென்வர் அணிக்கு மாறினார். 1986 இல் முதல் தேர்வான போ ஜாக்சன் உண்மையாகவே போய்விட்டார். டம்பா பே அணியின் விமானத்தில் மேற்கொண்ட ஒரு பயணத்தால் கல்லூரிப் பேஸ்பால் ஆடும் தகுதியை அவர் இழந்திருந்தார். அந்தக் கோபத்தில், பெரிய தொகையை மறுத்துவிட்டுக் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்தார். ஓராண்டு ஒப்பந்தம் செய்யாமலிருந்தால் வீரர் மீண்டும் டிராஃப்டுக்குள் வரலாம் என்பது விதி. அதன்படி 1987 இல் ரெய்டர்ஸ் அணி அவரை ஏழாம் சுற்றில், 183 ஆவதாக எடுத்தது. எல்வேக்கும் ஜாக்சனுக்கும் இன்னொரு விளையாட்டு இருந்தது. மற்றவர்களுக்கு அது இல்லை. கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை இழந்த ஜிம் ஸ்மித் என்ற வாஷிங்டன் வீரர் தொடுத்த வழக்கில், அன்றைய வடிவிலான டிராஃப்ட் வணிகப் போட்டியை முடக்குகிறது, சட்டத்துக்கு முரணானது என்று 1978 இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் டிராஃப்ட் தொடர்வதற்குக் காரணம், வீரர்கள் சங்கமே லீக்குடன் கூட்டு ஒப்பந்தம் செய்து அதை ஏற்றுக்கொண்டிருப்பதுதான். அணிகளுக்கிடையே இருக்கும் சமத்துவத்துக்கு இளம் வீரர்களே விலை கொடுக்கிறார்கள் என்பதை ரசிகர்கள் மறக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சம்பளத்திலும் அப்படியே. 2010 இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட் ஆறாண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். புதியவர்களின் சம்பளத்தைத் தேர்வு வரிசைப்படி கட்டுப்படுத்தும் விதி 2011 இல் வந்ததும், அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுகளுக்கு 2.2 கோடிதான் கிடைத்தது.

தேர்வுக்கு முன்பு வீரர்களை அளப்பதற்கென்றே இண்டியானாபோலிஸ் நகரில் ஆண்டுதோறும் ஒரு வாரம் ஒதுக்கப்படுகிறது. 40 கெஜ ஓட்டம், எடை தூக்குதல், தாண்டுதல் என எல்லாம் அங்கே எண்களாகின்றன. 2024 இல் சேவியர் வொர்தி 4.21 விநாடிகளில் ஓடி அந்த ஓட்டத்தின் சாதனையைப் படைத்தார். உள்ளங்கையைக்கூட விரித்து வைத்து அளக்கிறார்கள். 2020 இல் ஜோ பர்ரோவின் கை கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 9 அங்குலமே இருப்பதாகச் செய்தி பரவி, பந்து நழுவாதா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. சின்னக் கையிலிருந்து பந்து நழுவும் என்று சொல்கிறார்களே, ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே வேடிக்கையாக எழுதினார். அந்தக் கையோடுதான் இரண்டாவது பருவத்திலேயே சின்சினாட்டி அணியைச் சூப்பர் போல் வரை கொண்டுபோனார். 2000 ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு, 199 ஆவதாக டாம் பிரேடியை நியூ இங்கிலாந்து எடுத்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர்களை மற்ற அணிகளிடம் இழந்த அணிக்கு ஈடாகச் சுற்றின் முடிவில் கொடுக்கப்படும் கூடுதல் தேர்வு அது. அவர் ஏழு சூப்பர் போல்களை வென்றார்.

மேடையைச் சுற்றி நடக்கும் செய்திகளும் குறைவில்லை. 1972 இல், டிராஃப்ட் 17 சுற்றுகள் ஓடிய காலத்தில், அட்லாண்டாவின் பயிற்சியாளர் நார்ம் வான் பிராக்லின் கடைசிச் சுற்றில் 64 வயது நடிகர் ஜான் வெய்னின் பெயரைக் கொடுக்க, ஆணையர் பீட் ரோசெல் அதை ஏற்க மறுத்தார். 2017 இல் ஒரு விலங்கியல் பூங்காவிலிருந்து ஒராங்குட்டான் ஒன்று இண்டியானாபோலிஸ் அணியின் தேர்வை அறிவிக்க உதவியது. மறு ஆண்டு டம்பா பே அணிக்காகக் கிளி ஒன்று சீட்டைச் சுமந்து வந்தது. 2020 இல் பெருந்தொற்றால் எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே தேர்வு செய்தபோது, பயிற்சியாளர் பில் பெலிசெக்கின் இருக்கையில் அவர் வளர்க்கும் நாய் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி நேரலையில் வந்தது. எனக்குச் சிரிப்பு வராத செய்தி ஒன்றும் உண்டு. அணி தன் தேர்வை அறிவிக்கும் முன் வீரரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது வழக்கம். 2025 இல் ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவார்ட்டர்பேக் நாள்கணக்கில் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தபோது, அட்லாண்டா அணியின் பயிற்சியாளர் ஒருவரின் மகன் சாண்டர்ஸின் இரகசிய எண்ணைத் தந்தையின் கருவியிலிருந்து எடுத்து, வேறோர் அணியின் பொது மேலாளர் போல நடித்து அழைத்தார். லீக் அந்த அணிக்கு 2,50,000 டாலரும் பயிற்சியாளருக்கு 1,00,000 டாலரும் அபராதம் விதித்தது. சாண்டர்ஸை ஐந்தாம் சுற்றில், 144 ஆவதாகக் கிளீவ்லாந்து எடுத்தது. வாழ்க்கையே திரும்பும் நேரத்தில் காத்திருக்கும் ஒருவரை அப்படி அலைக்கழித்தது கொடுமை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கடைசித் தேர்வின் கதை. பால் சலாட்டா என்ற முன்னாள் வீரர், கடைசியாகத் தேர்வானவரையும் யாராவது கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்து, 1976 இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் ஊரில் அவருக்கென்று ஒரு வாரக் கொண்டாட்டத்தைத் தொடங்கினார். அந்த வீரருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’, அதாவது ‘முக்கியமில்லாதவர்’, என்று பட்டம். சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையில் கம்பீரமாக ஓடும் வீரர் இருப்பார்; இவருக்குக் கொடுக்கப்படும் ‘லோஸ்மன்’ கோப்பையில் இருக்கும் வீரர் பந்தைக் கை நழுவ விடுகிறார். இந்தக் கடைசி இடத்தால் கிடைத்த விளம்பரம் எவ்வளவு பெரிதென்றால், 1979 இல் கடைசிக்கு முந்தைய முறை வைத்திருந்த ராம்ஸ் அணி வேண்டுமென்றே தன் முறையைத் தவிர்த்தது. கடைசி முறைக்குரிய ஸ்டீலர்ஸ் அணியும் விட்டுக்கொடுக்காமல் தவிர்த்தது. ஆணையர் தலையிட வேண்டியதாயிற்று. கடைசி இடத்துக்காக இப்படி முறையைத் தவிர்ப்பதைத் தடுக்கும் விதி சலாட்டாவின் பெயராலேயே வழங்குகிறது. 2022 இல் இந்தப் பட்டத்தைப் பெற்றவர் பிராக் பர்டி. 262 ஆவது தேர்வு, சான் ஃபிரான்சிஸ்கோ 49ஆர்ஸ் அணி. அவருக்கு முன்னாலிருந்த இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் அடுத்தடுத்துக் காயமடைய, அந்த டிசம்பரில் களமிறங்கி வெல்லத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் சூப்பர் போலில் ஆடி, கூடுதல் நேரத்தில் 25–22 என்று கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார். 2025 இல் ஐந்தாண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

கடைசிப் பெயர் வாசிக்கப்பட்டதும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிந்துவிடும். அணிகளின் அலுவலகங்களில் வேலை முடிவதில்லை. தேர்வாகாத வீரர் யாருடனும் பேசலாம் என்பதால், நல்ல வாய்ப்புள்ள அணியைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இவர்களுக்குத்தான் உண்டு. ஏழாம் சுற்றின் கடைசியில் தேர்வாவதைவிடத் தேர்வாகாமலிருப்பதே நல்லது என்று நினைக்கும் வீரர்களும் உண்டு. 1994 இல் எந்த அணியும் எடுக்காத கர்ட் வார்னர், அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தார். உள்ளரங்கக் கால்பந்தும் ஐரோப்பிய லீக்கும் ஆடிய பிறகு செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு வந்து, 2000 ஜனவரியில் சூப்பர் போலை வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரருமானார். 2017 இல் அவர் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மாடத்தில் சேர்க்கப்பட்டார்.